மயக்கமருந்துக்கு முன் ஒரு கேள்வி

சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலைக்குச் செல்லும் எவரிடமும், அது எந்த நாடாயினும், மயக்கமருந்து வைத்தியர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “உங்கள் இரத்த உறவினர் எவருக்காவது மயக்கமருந்தினால் முன்னர் ஏதேனும் சிக்கல் ஏற்பட்டதா?” என்பதே அது. எம்மவரிற் பலர் இக்கேள்விக்கு ஒரு கணமும் யோசியாது “இல்லை” என்று பதிலிறுத்துவிடுகின்றனர். மொழி தெரியாத தாய்க்காக மொழிபெயர்க்கச் சென்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தாயிடம் கேளாமலே தானாக “இல்லை” என்று சொல்லிவிடுவதும் எமது சமூகத்தில் நடவாததன்று. படிவத்தில் உரிய கட்டத்தினுள் புள்ளடி இடப்படுகிறது, காரியம் முடிந்துவிடுகிறது.

இக்கேள்வி வெறும் சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுவதன்று. அதன் பின்னணியில், எமது குருதியில் ஓடும் ஒரு நொதியத்தின் கதை இருக்கிறது. அந்த நொதியம் சிலரிடம் பிறவியிலேயே குறைவாகவோ வலுவிழந்தோ இருப்பதுண்டு. அவர்களுக்கு அதனால் நாளாந்த வாழ்வில் எந்த நோயும் இல்லை. ஆயின் சத்திரசிகிச்சை மேசையில் மட்டும் அது உயிராபத்தாக மாறலாம். இது பரம்பரை வழியே வருவது. ஆதலின், குடும்பத்தின் நினைவே இதற்கு முதற் காப்பு. குடும்பங்கள் நான்கு கண்டங்களிலும் சிதறிக் கிடக்கும் எமக்கு இவ்விடயம் மற்றெவரையும் விட முக்கியமானது என்பதாலேயே இங்கு எழுதப் புகுந்தோம்.

கோலின் என்பது யாது?

முட்டையின் மஞ்சட்கரு, ஈரல், மீன், இறைச்சி, சோயா அவரை முதலியவற்றில் நிறைந்துள்ள ஒரு போசணைப் பொருளே கோலின். பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. முதன்முதலில் இது பித்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டமையே காரணம். எமது ஈரல் சிறிதளவு கோலினைத் தானே ஆக்கிக்கொள்ளும். எஞ்சியதை நாம் உணவினாற் பெறுதல் வேண்டும்.

நரம்புக் கலங்கள் இக்கோலினை எடுத்து, வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக்கமிலத்தின் கூறு ஒன்றை அதனோடு பிணைத்து, அசெற்றைல்கோலின் என்னும் பொருளை ஆக்குகின்றன. நாம் ஒரு விரலை மடக்க எண்ணுகிறோம் என வைத்துக்கொள்வோம். மூளையின் கட்டளை நரம்பின் வழியே மின்துடிப்பாக ஓடி வருகிறது. நரம்பின் முனைக்கும் தசைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றிடைவெளி உண்டு. மின்துடிப்பு அவ்விடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து செய்தியைத் தசையிடம் கொண்டுசேர்க்கும் தபாற்காரனே அசெற்றைல்கோலின்.

கடிதத்தைக் கொடுத்த தபாற்காரன் வாசலை விட்டு அகலாது மணியை அடித்துக்கொண்டே நின்றால் வீட்டில் இருப்போர் என்ன பாடுபடுவர்? தசையின் நிலையும் அதுவே. செய்தி சேர்ந்த மறுகணமே அசெற்றைல்கோலின் அகற்றப்படல் வேண்டும். இல்லையேல் தசை துடிதுடித்து, ஈற்றிற் செயலிழந்து சோர்ந்துவிடும். அகற்றும் பணியைச் செய்வது அசெற்றைல்கோலினெஸ்தரேஸ் என்னும் நொதியம். நாம் இதனைச் சுருக்கமாக நரம்பு நொதியம் என்போம். அசெற்றைல்கோலினை இது மீண்டும் கோலினாகவும் அசற்றிக்கமிலமாகவும் பிளந்துவிடுகிறது. விடுபட்ட கோலினை நரம்பு மறுபடி உள்ளிழுத்து அடுத்த செய்திக்குப் பயன்படுத்துகிறது. இந்நொதியத்தின் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசெற்றைல்கோலின் மூலக்கூறுகளைப் பிளக்கவல்லது. உடலில் உள்ள நொதியங்களுள் மிக விரைவானவற்றுள் இதுவும் ஒன்று.

நாடிழந்தோர் கண்ட உண்மை

இவ்வுண்மைகளை உலகுக்குத் தந்தவர்களுட் பலர் எம்மைப் போலவே நாடிழந்து அலைந்தவர்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய ஒட்டோ லோவி, இரு தவளைகளின் இதயங்களைக் கொண்டு செய்த பரிசோதனையை 1921 இல் வெளியிட்டார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பு மந்தமானதும், அதைச் சூழ்ந்திருந்த நீர்மத்தை எடுத்து மற்றைய இதயத்தில் இட்டார். அதுவும் மந்தமாயிற்று. நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே செய்தி அனுப்புகிறது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. அப்பொருளை உடலில் உள்ள ஒரு நொதியம் விரைந்து அழிக்கிறது என்பதையும் அவர் 1926 இற் காட்டினார். 1936 இல் பிரித்தானியரான ஹென்றி டேலுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1938 இல் நாஜிப் படைகள் ஒஸ்திரியாவுட் புகுந்தபோது, யூதர் என்ற காரணத்தினால் லோவி சிறையிடப்பட்டார். தமது நோபல் பரிசுப் பணத்தை அவர்கள் கைக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே வெளியேற அனுமதிக்கப்பட்டார். வெறுங்கையுடன் இங்கிலாந்தை அடைந்து, 1940 இல் அமெரிக்கா சென்று, நியூயோர்க்கிற் கற்பித்து, 1961 இல் அங்கேயே காலமானார்.

1933 இல் பேர்லினில் வேலை பறிக்கப்பட்ட வில்ஹெல்ம் பெல்ட்பேர்க் இலண்டனில் டேலின் ஆய்வுகூடத்தில் இடம் பெற்றார். தசைகளை இயக்கும் நரம்புகளும் அசெற்றைல்கோலினையே சுரக்கின்றன என்பதை அங்கு நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1935 இல் லைப்சிக் நகரை விட்டு இலண்டன் வந்த பேர்னாட் கற்ஸ், இத்துறை ஆய்வுக்காக 1970 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அடைக்கலம் கொடுத்த நாடுகள் அதனால் இழந்தது ஒன்றுமில்லை; பெற்றவையோ பல.

நொதியம் தடைப்படும்போது

இந்நொதியம் செயலிழந்தால் என்ன நேரும் என்பதை எம் ஊர்க் கமக்காரருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயம், மிளகாய், புகையிலை செய்தோர் தோளிற் கொள்கலத்தைச் சுமந்து மருந்து அடித்த காட்சி நினைவிருக்கும். அப்பூச்சிமருந்துகளுட் பல சேதனப் பொசுபரசு வகையைச் சேர்ந்தவை. அவை நரம்பு நொதியத்தைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்பவை. பூச்சியைக் கொல்வதும் அவ்வழியே. மனிதரைக் கொல்வதும் அவ்வழியே. 1930களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் இவ்வகைப் பூச்சிமருந்துகளை ஆராய்ந்த கெர்ஹாட் சிறேடரின் ஆய்வுகூடத்திலிருந்துதான் தபுன், சரின் என்னும் நச்சுவாயுக்களும் பிறந்தன.

கண்ணிலிருந்து நீர் வடிதல், எச்சில் பெருகுதல், வியர்த்துக் கொட்டுதல், கண்மணி ஊசிமுனையளவு சுருங்குதல், மூச்சுக்குழாயிற் சளி நிறைதல், தசைகள் துடித்துப் பின் சோர்தல் ஆகியன இந்நஞ்சின் குறிகள். அற்றோபின் என்னும் மருந்தே இதற்கு முதற் சிகிச்சை. இலங்கையில் இந்நஞ்சினால் அழிந்த இளம் உயிர்கள் அனேகம். 1995 இல் மிகக் கொடிய இரு வகைகளான மொனோகுரொற்றோபொசும் மெதமிடோபொசும் அங்கு தடைசெய்யப்பட்டன. அதன் பின் வந்த ஆண்டுகளில் வேறு சிலவும் விலக்கப்பட்டன. நஞ்சருந்தி இறப்போர் தொகை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. மனம் உடைந்த ஒரு கணத்திற் கைக்கெட்டும் பொருள் கொடியதாக இல்லாதிருந்தால் உயிர் தப்புகிறது என்பதே அதன் பாடம்.

ஆயினும் இந்நொதியத்தை அளவோடு தடுப்பது மருந்தாகவும் ஆகும். மயஸ்தீனியா என்னும் தசைச்சோர்வு நோயில் கண்ணிமை தொங்கிவிடும். உணவை மெல்லவும் விழுங்கவும் இயலாது போகும். அசெற்றைல்கோலினைத் தசை ஏற்றுக்கொள்ளும் இடங்களை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது இந்நோய். 1934 இல் இலண்டன் கிறினிச் பகுதி வைத்தியசாலை ஒன்றிற் பணிபுரிந்த மேரி வோக்கர் என்னும் பெண் வைத்தியர், மேற்கு ஆபிரிக்கக் கலபார் அவரையிலிருந்து எடுக்கப்படும் பைசொஸ்ரிக்மின் என்ற மருந்தை இந்நோயாளிக்கு ஊசிமூலம் ஏற்றினார். தொங்கிய இமை உயர்ந்தது. நொதியம் தடைப்பட்டதால் தபாற்காரன் சற்று அதிக நேரம் வாசலில் நிற்கிறான். அடைபட்ட காதிலும் மணியோசை விழுகிறது.

மூப்பில் வரும் அல்சைமர் என்னும் மறதிநோயிலும் மூளையில் அசெற்றைல்கோலின் குறைந்துவிடுகிறது. ஆகவே டொனெப்பெசில், ரிவஸ்ரிக்மின் முதலிய மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. இவையும் இதே நொதியத்தைத் தடுப்பவையே. நோயை இவை மாற்றா. சிலரில் சிறிது காலம் நினைவாற்றலைத் தாங்கிப்பிடிக்கும். நாடித்துடிப்பு மந்தமாதல், வாந்தி, வயிற்றோட்டம் ஆகியன இவற்றின் பக்கவிளைவுகள். இம்மருந்துகளை உட்கொள்ளும் முதியோருக்குச் சத்திரசிகிச்சை நேருமாயின், மயக்கமருந்து வைத்தியரிடம் அதனை அவசியம் சொல்லவேண்டும். காரணம் இனி வருவது.

குருதியில் உள்ள இரண்டாவது நொதியம்

நரம்பு நொதியத்துக்கு ஒரு சகோதரம் உண்டு. பியூற்றிரைல்கோலினெஸ்தரேஸ் எனப்படும் அதனை ஈரல் ஆக்கிக் குருதியில் விடுகிறது. அதைக் குருதி நொதியம் என்போம். இது பிறவியிலேயே இல்லாதோர் கூட ஏனையோரைப் போல உண்டு உறங்கி, ஓடியாடி, பிள்ளை பெற்று, முதுமை வரை நலமாக வாழ்கின்றனர். தம்மிடம் ஒரு குறை உண்டென்று அவர்கள் அறிய வாய்ப்பே இல்லை.

மயக்கநிலையில் உள்ள நோயாளியின் மூச்சுக்குழாயினுட் குழாய் செலுத்துவதற்காக, தசைகளை முற்றாகத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து 1950களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. இரு அசெற்றைல்கோலின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டினாற் போன்றது அதன் அமைப்பு. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். 5 முதல் 10 நிமிடங்களில் குருதி நொதியம் அதைப் பிளந்து முடித்துவிடும். நோயாளி மீண்டும் மூச்சு விடுவார். அவசர சத்திரசிகிச்சைகளிலும், முழு மயக்கத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கும் வேளைகளிலும் இம்மருந்து இன்றும் கைகொடுக்கிறது.

குருதி நொதியம் வலுவிழந்தவரில் என்ன நிகழும்? பத்து நிமிடத்தில் தெளியவேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கும். மூச்சுத் தசைகள் அசையா. செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து அவரை அகற்றினால் உயிர் போய்விடும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. மயக்கமருந்து நிறுத்தப்பட்டுவிட்டால் நோயாளிக்கு நினைவு திரும்பிவிடும். ஆனால் கண்ணைத் திறக்கவோ விரலை அசைக்கவோ குரல் எழுப்பவோ இயலாது. சுற்றிலும் நிற்போர் பேசுவது கேட்கும். தாம் விழித்திருப்பதைச் சொல்ல வழியிராது.

இந்நிலையை வைத்தியர் உடன் இனங்கண்டால் ஆபத்தில்லை. நோயாளியை மயக்கத்திலேயே வைத்து, மருந்து தானாகக் கரையும் வரை கருவியினால் மூச்சுக் கொடுத்தாற் போதும். நீடித்த தீங்கு எதுவும் நேராது. முன்கூட்டியே தெரிந்தாலோ இன்னும் நன்று. இந்நொதியத்தை நம்பியிராத வேறு மருந்துகள் இக்காலத்தில் உள்ளன. ஆக, எல்லாம் ஒரு தகவலிலேயே தங்கியுள்ளது.

குடும்பத்தில் ஓடும் குறை

1956 இல் ஹேர்மன் லேமன் என்பவரும் அவரோடு பணிபுரிந்தவரும், இக்குறை சில குடும்பங்களிற் பரம்பரையாக வருவதைக் காட்டினர். லேமனும் ஜேர்மனியை விட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த ஒரு யூதரே. மறு ஆண்டில், எம்மவர் இன்று பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரின் பல்கலைக்கழகத்தில் வேர்னர் கலோ என்பவர் ஓர் எளிய குருதிப் பரிசோதனையைக் கண்டுபிடித்தார். டிபியுகெயின் என்ற மருந்து வழமையான நொதியத்தை ஏறக்குறைய 80 வீதம் தடுக்கும். குறையுள்ள நொதியத்தை 20 வீதம் மட்டுமே தடுக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் குறையைப் பெற்றவரில் இவ்வெண் 60 அளவில் நிற்கும். ஒரே மருந்து ஆளுக்காள் வேறுபட்டு வேலை செய்வதற்குப் பரம்பரையும் காரணமாகலாம் என்ற புதிய விஞ்ஞானத் துறைக்கு இது ஒரு தொடக்கமாயிற்று.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள பரம்பரை அலகைப் பெறும் பிள்ளைக்கே கடும் விளைவு ஏற்படும். ஐரோப்பிய வம்சத்தவரில் ஏறக்குறைய 3000 பேருக்கு ஒருவர் இத்தகையவர். உறவுக்குள் மணம் செய்யும் சமூகங்களில் இவ்வீதம் உயரக்கூடும். தமக்குள்ளேயே மணம் செய்யும் தென்னிந்திய வைசிய சமூகத்தில் குருதி நொதியம் அறவே செயலற்றோர் வழமைக்கு மாறாக அதிகம் இருப்பது அறியப்பட்ட செய்தி. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்குகொண்ட ஆய்வொன்று 2006 இல் அதற்குக் காரணமான பரம்பரை மாற்றத்தையும் வெளியிட்டது.

மச்சான் மச்சாள் மணம் எமது வழமையிலும் உண்டு. அதைப் பழித்துரைப்பது எமது நோக்கமன்று. ஒரு பாட்டனாரிடம் இருந்த அலகு அவருடைய மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, அவர்தம் பிள்ளைகள் ஒருவரையொருவர் மணக்கும்போது மீண்டும் ஒன்றுசேர வாய்ப்புண்டு என்பதை மட்டும் மனதிற் கொள்ளவேண்டும். தாயும் தந்தையும் ஒவ்வோர் அலகைக் காவுபவராயின், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஒருவருக்கு இக்குறை கண்டறியப்பட்டால், அவருடைய உடன்பிறந்தோரும் குருதியைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.

பிறவிக் குறையன்றி வேறு காரணங்களாலும் குருதி நொதியம் தாழும். ஈரல் நோய், கடும் போசணைக் குறைவு, கருப்பகாலம், பூச்சிமருந்து உடலில் ஏறியமை, மேற்சொன்ன சில மறதிநோய் மருந்துகள் ஆகியன அவற்றுட் சில. இவை தனியே பெரும் இடர் விளைவிப்பது அரிது. எனினும் வைத்தியர் அறிந்திருத்தல் நலம்.

சிதறிய நினைவு

ஊரில் இருந்த காலத்தில் குடும்பத்தின் நோய்வரலாறு எங்கும் எழுதப்படவில்லை. அது திண்ணையில் இருந்தது. “பெரியம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில ஒப்பிறேசன் செய்து, மூச்சு வர ஒரு பகல் எடுத்தது” என்று ஆச்சி சொல்ல எல்லோரும் கேட்டிருந்தோம். இன்று ஆச்சி அங்கே. பெரியம்மாவின் மக்கள் பாரிசிலும் சூரிச்சிலும். பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுக் கால்நடையாய்ப் புறப்பட்டோர் கையில் எடுத்தவற்றுள் கிளினிக் கொப்பி இருந்திருக்குமா? அவ்வாறு அழிந்த ஏடுகளை இனி எவராலும் மீட்க இயலாது. முதியோரின் நினைவு மட்டுமே எஞ்சியுள்ளது. அதுவும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

ஆகவே எமது வாசகக் குடும்பங்களிடம் நாம் வேண்டிக்கொள்வன இவை:

முதலாவது, அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, சுகம் விசாரித்த பின் இக்கேள்வியையும் கேளுங்கள். சத்திரசிகிச்சையின் பின் எவராவது நெடுநேரம் மூச்சு விடமுடியாது கருவியில் வைக்கப்பட்டனரா, இன்ன மருந்து இனிக் கூடாது என்று வைத்தியர் எவராவது எச்சரித்தனரா, மேசையிலேயே திடீரெனக் கடுங்காய்ச்சல் கண்டதா எனத் தெளிவாகக் கேட்கவேண்டும். கடுங்காய்ச்சல் என்பது வேறொரு பரம்பரைக் குறையின் அறிகுறி. அதற்கும் இதே மருந்து காரணமாகலாம். மயக்கம் தெளிந்தபின் வாந்தி எடுத்ததும் தலைசுற்றியதும் இதிற் சேரா.

இரண்டாவது, “ஆம்” என்ற பதில் கிடைத்தால், யாருக்கு, எவ்வாண்டு, எவ்வகை உறவு என்பவற்றை எழுதி, குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள். தேவையாயின் குருதிப் பரிசோதனைக்கு அவர் ஒழுங்கு செய்வார். காரணம் வேறாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. குறை உறுதிப்பட்டால் அதனைக் குறிக்கும் அட்டையைப் பணப்பையில் எப்போதும் வைத்திருங்கள். விபத்தில் நினைவிழந்தவருக்காக அந்த அட்டையே பேசும்.

மூன்றாவது, வைத்தியசாலையில் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். எம்மவர் வாழும் நாடுகளிற் பல வைத்தியசாலைகள் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தருகின்றன. கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியம்மாவின் கதை தெரிந்திருக்க நியாயமில்லை.

படிவத்தின் அந்தக் கட்டத்தினுள் “இல்லை” என்று எழுதுவதற்கு முன், குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்து எழுதுங்கள். “தெரியாது” என்பதே உண்மையாயின், “தெரியாது” என்றே சொல்லுங்கள். அப்பதிலைக் கேட்ட வைத்தியர் கூடிய கவனத்துடன் நடந்துகொள்ள இடமுண்டு.